பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

3 பிப்ரவரி 2010, புதன்கிழமை
எண்ணெய் மேடை, வட கடல்

அன்புள்ள தோருன்,

வந்து மூன்று நாளாகிறது, இன்றுதான் மின்னஞ்சல் எழுதுகிறேன். முதலில் எனக்குக் கோபம். அது போனதும் உனக்குக் கோபமாக இருக்கும் என்று பயம். இரண்டிலும் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது நீ வாசலுக்கு வரவில்லை. சமையலறையிலிருந்தே, "போ, போய் அந்தக் குட்டிப் பெட்டியைக் கட்டிக்கிட்டு இரு" என்றாய். சுன்னிவா என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், பிறகு தன் காலுறையைப் பார்த்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் நீ சொன்னதில் தப்பு இல்லை. உன்னைக் கேட்காமல் இரண்டு குட்டி லேப்டாப் வாங்கியது தப்பு. வீட்டில் இருந்த நான்கு வாரமும் அதன் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் தப்பு.

இங்கே எல்லாம் வழக்கம்போல. மூடுபனியால் ஹெலிகாப்டர் நான்கு மணி நேரம் தாமதம். கைபேசியை வழக்கம்போல விமான நிலையப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். மேடையில் இருக்கும் ஒரே தொலைபேசிக் கூண்டுக்கு எப்போதும் ஒன்பது பேர் வரிசை, அதனால் கூப்பிடவில்லை. நாளை வியாழன், உருளைக்கிழங்கு உருண்டையும் உப்பிட்ட ஆட்டிறைச்சியும் போடுவார்கள். புதிய சமையல்காரன் உருண்டையைக் கல்லாட்டம் செய்கிறான். என் கிரேன் அறையின் ஹீட்டரை மாற்றியிருக்கிறார்கள், இப்போது முழங்கால் விறைப்பதில்லை.

லேப்டாப் ஆட்டத்தில் நம் கப்பலில் கம்பளி ஏற்றி வைத்திருக்கிறேன். இன்று ஏழு மணிக்கு ஆட்டத்துக்கு வா. நீ சுக்கானைப் பிடி, நான் பாயைப் பார்த்துக்கொள்கிறேன். பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம்.

உன்
ஸ்டைனார்


5 பிப்ரவரி, வெள்ளி
லெய்ர்விக்

ஸ்டைனார்,

இரண்டு நாளும் ஏழு மணிக்கு வந்தேன். கப்பல் ஓட்டத்தான் வந்தேன், பேச வரவில்லை. அதைப் புரிந்துகொண்டு நீயும் வாயைத் திறக்காமல் பாயைக் கட்டி அவிழ்த்தாயே, அதற்கு நன்றி.

ஒன்று கேட்க வேண்டும்.

நீ வாங்கிவந்த இரண்டில் எனக்குக் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் நேற்று கிளினிக்குக்கு எடுத்துப்போனேன். பத்து நாற்பதுக்கு ஒரு நோயாளி வரவில்லை. பல் டாக்டர் காப்பி குடிக்கப் போய்விட்டார். கருவிகளைக் கழுவிவைத்துவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல் "தீவுக்காலம்" ஆட்டத்தைத் திறந்தேன். பிரார்த்தனைப் புத்தகம் அளவுத் திரை, எழுத்தெல்லாம் எறும்பு. ஆனால் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவது நன்றாகவே தெரிந்தது.

காலை ஏழு முதல் மாலை ஏழு வரை கிரேனில் இருக்கிற மனிதன் பத்து நாற்பதுக்கு ஆட்டத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றரை வரை மேய்த்தாய்.

இன்னொன்று. பதினோரு வருடமாகக் கடலுக்குப் போகிறாய். சாப்பிட்டது என்ன, ஹீட்டர் மாற்றினார்களா என்றெல்லாம் எனக்கு எழுதியதே இல்லை. "நலம், காற்று, முத்தம்" என்று மூன்று சொல் எழுதுவாய். டிசம்பரிலிருந்துதான் இப்படி நீளமாக எழுதுகிறாய். ஏன்?

சுன்னிவாவுக்குச் சளி. வேறொன்றும் இல்லை.

தோருன்


6 பிப்ரவரி, சனி
எண்ணெய் மேடை

அன்புள்ள தோருன்,

அட, இவ்வளவுதானா! நான் வேறு ஏதோ என்று பயந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காற்று பலம். முப்பத்தெட்டு நாட் வேகம். அந்தக் காற்றில் கிரேனைத் தொட விடமாட்டார்கள் என்று உனக்கே தெரியும். காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை எல்லோரையும் கீழே உட்காரவைத்துவிட்டார்கள். ஒருவன் சீட்டாடினான், ஒருவன் தூங்கினான், நான் ஆடு மேய்த்தேன். மேற்பார்வையாளர்கூட எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஆடு குட்டி போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீளமாக எழுதுவதற்குக் காரணம் வயது என்று வைத்துக்கொள்ளேன். நாற்பதைத் தாண்டினால் ஆண்களுக்கு வாய் வளரும் என்று உன் அம்மாவே சொல்வாரே.

சுன்னிவாவின் சளிக்கு இருமல் மருந்து குளியலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வேறு ஏதாவது சொன்னாளா? நீச்சல் பற்றி, என்னைப் பற்றி?

ஏழு மணிக்கு வருவாய்தானே?

ஸ்டைனார்


9 பிப்ரவரி, செவ்வாய்
லெய்ர்விக்

ஸ்டைனார்,

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும்.

உன் கடிதம் வந்ததும் வானிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கிரேன்காரனின் மனைவிக்குக் காற்றுக் கணக்குப் பார்க்கத் தெரியும், நீயே சொல்லிக்கொடுத்தது. வியாழக்கிழமை உன் மேடைப் பக்கம் ஆறு நாட். கடல் தட்டுப்போல இருந்திருக்கிறது.

அப்போதும் பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று மாலை கடையில் ஷெத்திலைப் பார்த்தேன். இலையுதிர்காலம் வரை உன்னோடு ஒரே அறையில் இருந்தானே, அதே ஷெத்தில். என்னைக் கண்டதும் மீன் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தான். பிறகு முடியாமல் வந்தான்.

"தோருன், எப்படி இருக்கீங்க? ஸ்டைனார் எப்படி இருக்கான்? உடம்பு கொஞ்சம் தேறிடுச்சா?"

"உடம்புக்கென்ன?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாதது கடை நடுவில் இன்னொருத்தனுக்குத் தெரிந்திருக்கிறது என்று காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. "தேறிட்டான், நல்லா இருக்கான்" என்றேன்.

"அப்பாடா. பசங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவன் இடத்துல வந்தவன் கிரேன்ல பொட்டலம் தூக்கினா நாங்க எல்லாம் ஓடி ஒளிஞ்சுக்கிறோம். சீக்கிரம் திரும்பி வரச் சொல்லுங்க."

அவன் இடத்தில் வந்தவன்.

நான் மேடைக்குத் தொலைபேசி செய்யவில்லை. செய்தால் ஒரு நிமிட வேலை. செய்யாமல் உனக்கு எழுதுகிறேன், இதை நீ மறக்காதே. எங்கே இருக்கிறாய்? டிசம்பரில் இரண்டு வாரம் எங்கே இருந்தாய்? யார் அவள்? என்னிடம் சொல்ல முடியாதவளாக இருந்தால் பெயரை மட்டும் எழுது. நாளை மாலைக்குள் பதில் வரவில்லையென்றால் தொலைபேசியை எடுப்பேன்.

தோ.


10 பிப்ரவரி, புதன்
ஹார்டாங்கர்

தோருன்,

எந்தப் பெண்ணும் இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு குளிராக இருக்காது.

மன்னித்துவிடு, சிரிப்பதற்கான நேரம் இல்லை இது. பயந்தால் நான் இப்படித்தான்.

நான் மேடையில் இல்லை. நவம்பருக்குப் பிறகு அங்கே போகவே இல்லை. எனக்கு உடல்தகுதிச் சான்றிதழைப் புதுப்பித்துத் தரவில்லை. காது. இடது காதில் ஏதோ, சமநிலை தவறுகிறதாம். காது சரியில்லாதவனை ஹெலிகாப்டரில் ஏற்ற மாட்டார்கள், கிரேனில் உட்கார விடமாட்டார்கள். நோய்க்காலச் சம்பளம் மாதாமாதம் வங்கிக்கு வந்துவிடுவதால் உனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும், அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டிசம்பரில் என் முறை வந்தது. நீ என் பையை எடுத்துவைத்தாய், கம்பளி உள்ளாடையை மடித்துவைத்தாய். வாசலில் நின்று என்னால் சொல்ல முடியவில்லை. வண்டியில் ஏறிவிட்டேன். ஏறியவன் எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

கூடாரப் பூங்கா ஒன்றில் இருக்கிறேன், மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் ஃபியோர்டு ஓரத்தில். இந்த வட்டாரத்தில் எந்த ஊர் என்று எழுத மாட்டேன், நீ கிளம்பி வந்துவிடுவாய். கோடையில் ஜெர்மன்காரர்கள் நிறைந்திருக்கும் இடம். இப்போது மூடிக் கிடக்கும் கேரவன்கள் நாற்பது, ஆள் நான் ஒருவன். நடத்துகிற அம்மா போர்ஹில்ட், வயது எழுபதுக்கு மேல். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "பொண்டாட்டி துரத்திட்டாளா?" என்று கேட்டார். "இன்னும் இல்லைங்க" என்றேன். "அப்போ அறைக்குத் தள்ளுபடி கிடையாது" என்றார். அதோடு வேறு எதுவும் கேட்டதில்லை.

கைபேசி பெட்டகத்தில் இல்லை, இங்கேதான் அணைத்துக் கிடக்கிறது. என் மரக்குடிலில் இணையம் எட்டாது. துணி துவைக்கும் அறையில் மட்டும் எட்டும். இரண்டு துவைக்கும் இயந்திரம், ஒரு நாற்காலி. இயந்திரத்தின் மேல் குட்டி லேப்டாப்பை வைத்துக்கொள்கிறேன். காலையில் எழுந்ததும் அங்கே போவேன். பகலெல்லாம் ஆட்டத்தில் ஆடு மேய்த்து, வேலி கட்டி, மாலை ஏழு மணிக்காகக் காத்திருப்பேன். நாள் முழுக்க உன்னிடம் பொய் சொன்னவன், தோருன், அந்த ஒரு மணி நேரம் சொல்லவில்லை. நீ சுக்கானைப் பிடித்திருப்பாய், நான் உன் பின்னால் நிற்பேன். நான் எங்கே நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். ஒரு படகுத்துறை, இரண்டு மணி நேரப் பாதை. ஞாயிற்றுக்கிழமை சுன்னிவாவை நான் நீச்சலுக்குக் கூட்டிப்போகிறேன், நீ ஓய்வெடு. பிறகு உட்கார்ந்து பேசுவோம்.

ஸ்டைனார்


11 பிப்ரவரி, வியாழன்
லெய்ர்விக்

ஸ்டைனார்,

உன் கடிதத்தைக் காலையில் படித்தேன். முதல் ஐந்து நிமிடம் அழுதேன், பெண் யாரும் இல்லை என்ற நிம்மதியில். பிறகு வெட்கமாக இருந்தது. இரண்டு மாதம் என்னை முட்டாளாக்கியிருக்கிறாய், நான் நிம்மதி என்கிறேன்.

மாலையில் சுன்னிவாவிடம், அப்பாவுக்குக் காதில் கொஞ்சம் கோளாறு, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார் என்று மட்டும் சொன்னேன். மீன் கட்லெட்டைக் குத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அதான் நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"எப்போ கூப்பிட்டே?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரு."

எப்படிக் கேட்டு வாங்கினேன் என்று எழுதப்போவதில்லை. பிள்ளை அழுதுகொண்டே சொன்னாள். ஜனவரி 29, வெள்ளிக்கிழமை. நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். நான்தான் உன்னை நீச்சலுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். திரும்பி வரும்போது பாலத்தைத் தாண்டியதும் நீ பேச்சை நிறுத்திவிட்டாயாம். வண்டி மெதுவாகிவிட்டதாம். நீ உதட்டைச் சப்பிக்கொண்டே இருந்தாயாம், ஒரு கை சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததாம். "அப்பா, அப்பா" என்று கத்தினாளாம். "என்னைப் பார்த்தாரும்மா, ஆனா பார்க்கலை" என்றாள். வண்டி ஓரமாகப் போய்ப் பனிக்குவியலில் இடித்து நின்றதாம். கொஞ்ச நேரம் கழித்து நீ "மான் ஒண்ணு குறுக்கே வந்துச்சு" என்றாயாம். "எங்கே மான்?" என்று கேட்டாளாம். "அம்மாகிட்ட சொல்லாதே, பயந்துடுவா" என்றாயாம்.

அந்த இடத்தில் பாதைக்கு இடது பக்கம் பனிக்குவியல். வலது பக்கம் என்ன என்று உனக்குத் தெரியும்.

பதினான்கு வருடமாகப் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலிப்பு வந்து இப்படி உதட்டைச் சப்பிச் சட்டைப் பொத்தானைத் திருகிய நோயாளியை இரண்டு தடவை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது காது இல்லை, ஸ்டைனார். நவம்பரில் சாப்பாட்டில் விஷம், பெர்கன் மருத்துவமனையில் இரண்டு நாள் என்றாயே, அதுவும் வயிறு இல்லை. ஷெத்திலுக்குத் தெரியும். டாக்டர்களுக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளை பதிமூன்று நாள் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள். எனக்கு மட்டும் தெரியாது.

உனக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். நீ தெரிந்தே அவளை ஏற்றியிருக்கிறாய்.

சனிக்கிழமை வண்டியில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தொடாதே. சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு எனக்கு எழுது. எந்த இடம் என்று எழுது. இதைத் தவிர உன்னிடமிருந்து வேறு எந்தச் சொல்லும் இப்போது எனக்கு வேண்டாம்.

தோருன்


12 பிப்ரவரி, வெள்ளி, மாலை 3.25
லெய்ர்விக் படகுத்துறை

ஸ்டைனார்,

இதை நீ எப்போது படிப்பாய், படிப்பாயா என்று தெரியவில்லை. விரைவுப் படகு வர இன்னும் ஐம்பது நிமிடம். சுன்னிவா பக்கத்து வீட்டில் இருக்கிறாள். காத்திருக்கும் அறையில் இந்தக் குட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலை முழுக்க உன் பதில் இல்லை. கிளினிக்கில் ஆட்டத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நோயாளிகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்று ஐம்பதுக்கு உன் பச்சைப் புள்ளி எரிந்தது. உன் ஆள் கப்பலில் ஏறி வந்து பாய்மரத்தடியில் நின்றான். நான் "எங்கே இருக்கே? சாவியைக் கொடுத்தியா?" என்று அடித்தேன்.

நீ அடிக்க ஆரம்பித்தாய். வந்தது இதுதான்:

தோருன் நான் காரை எடுததததததததததததததததததததத

நிற்கவே இல்லை. வரி வரியாக, திரை நிறைந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தது. காரை எடுத்துவிட்டேன் என்று எழுத வந்தாயா, எடுத்திருந்தால் என்று எழுத வந்தாயா, தெரியவில்லை. யாரோ அந்த எழுத்தின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுபோல. கை இல்லை, முகம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பிறகு அதுவும் நின்றது. உன் ஆள் அப்படியே நின்றான். கப்பல் சுற்ற ஆரம்பித்தது. உன் பெயரை இருபது தடவை அடித்திருப்பேன்.

பல் டாக்டர், "தோருன், அடுத்த ஆளைக் கூப்பிடும்மா" என்றார். "என் புருஷன் விழுந்துட்டான்" என்றேன். "எங்கே?" என்றார். எங்கே என்று எனக்குத் தெரியாது!

ஹார்டாங்கரில் ஏழு கூடாரப் பூங்கா. தொலைபேசி விசாரணையில் எண்களை வாங்கி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றில் மே மாதம் திறப்போம் என்று பதிவுசெய்த குரல். ஒன்றில் ஒரு ஆள் விலைப்பட்டியல் சொல்லத் தொடங்கிவிட்டான். ஐந்தாவதில் ஒரு பெண் குரல்.

"உங்க துணி துவைக்கிற அறையில ஒருத்தர் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாடுவாரா?"

"யாரு, ஸ்டைனாரா? நீங்க யாரும்மா?"

"பொண்டாட்டி. அந்த அறைக்கு ஓடுங்க. உடனே ஓடுங்க, விழுந்து கிடக்கிறான்."

"இப்பதானேம்மா வண்டிகிட்ட நின்னான், எஞ்சின்கூட ஓடிக்கிட்டு…"

"ஓடுங்கம்மா!"

தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அவருடைய மூச்சு, கதவு, பனியில் காலடி எல்லாம் தூரமாகிக்கொண்டே போனது. பிறகு ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். திரும்பி வந்து, "உசிர் இருக்கு. நீலம் பூத்துட்டான், பக்கவாட்டுல திருப்பிப் போட்டிருக்கேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட லைனை விடும்மா" என்றார்.

பிறகு அவரே மறுபடி கூப்பிட்டார். ஹெலிகாப்டர் வந்து உன்னை பெர்கனுக்கு எடுத்துப்போகிறதாம். உனக்கு ஒரு வலிப்பு முடிந்து நினைவு வருவதற்குள் இரண்டாவது வந்ததாம்.

படகு தெரிகிறது. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தப் படகு கொள்ளாது. நான் வந்து சேரும்வரை உயிரோடு இரு.


15 பிப்ரவரி, திங்கள்
மருத்துவமனை, பெர்கன்

தோருன்,

நேற்று நீ கிளம்பிப் போன பிறகு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், "உங்க வீட்டுக்காரி ரெண்டு நாள்ல பத்து வார்த்தை பேசியிருப்பாங்களா?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். நீ பேசாததற்குக் காரணம் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். நீ வைத்துவிட்டுப் போன கிரீம் பன்னில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன்.

அம்மா போர்ஹில்ட் என் லேப்டாப்பைப் பேருந்தில் அனுப்பியிருக்கிறார். ஒரு மூலை உடைந்திருக்கிறது, ஆனால் எழுத முடிகிறது. நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் பதினேழு. மேடையில் என் கட்டிலில் கண் விழித்தபோது வாயெல்லாம் ரத்தம், நாக்கைக் கடித்திருந்தேன். ஷெத்தில் என் தோளை அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். எனக்கு எதுவும் நினைவில்லை. வலிப்பு என்றார்கள். ஒரு வருடம் வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள், நீ சொன்னதுபோலவே கையெழுத்து வாங்கினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று வீட்டில் இருந்த நாட்களில் பாதியை விழுங்கவில்லை.

ஜனவரி 29. நீ காய்ச்சலில் படுத்துக்கொண்டு, "நீயே கூட்டிட்டுப் போயேன்" என்றாய். முடியாது என்றால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்து அவளை முன் இருக்கையில் உட்காரவைத்து ஓட்டினேன். பாலத்துக்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது பனியில் நின்றுகொண்டிருந்தோம், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மான் என்று சொன்னது நான்தான், அதில் மறதி எதுவும் இல்லை. முழு நினைவோடு சொன்னேன்.

இப்போது வெள்ளிக்கிழமை. அம்மா போர்ஹில்ட் உன்னிடம், நான் மனம் மாறி வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன் என்று சொன்னாராம். நல்ல மனுஷி, நல்லதாக நினைத்துக்கொண்டார். உண்மை அது இல்லை.

உன் கடிதத்தைப் பகல் பன்னிரண்டுக்குப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். பையைக் கட்டினேன். வீட்டுக்கு வருவதற்கு இல்லை. வடக்கே எங்கேயாவது, நீ என்னைப் பார்க்க முடியாத இடத்துக்கு. வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டேன். கண்ணாடி முழுக்க உறைபனி, முன்னால் ஒன்றும் தெரியவில்லை. என் சுரண்டும் தகட்டை அம்மா போர்ஹில்ட் கதவிடுக்குப் பனியைச் சுரண்ட இரவல் வாங்கியிருந்தார். அதைத் தேடித் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். அவ்வளவுதான். தகடு கையில் கிடைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சாலையில் இருந்திருப்பேன். இரண்டு மணிக்குக் கீழ்ப்பாதையில் பள்ளிப் பேருந்து வரும்.

தகடு அங்கே இல்லை. லேப்டாப் இயந்திரத்தின் மேல் மூடாமல் இருந்தது. பழக்கத்தில் ஆட்டத்தைத் திறந்தேன். உன் பெயர் எரிந்தது. "காரை எடுத்திருப்பேன்" என்று உனக்கு எழுத ஆரம்பித்தேன்.

நான் நல்லவனாக இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகாமல் போகவில்லை. இதை நீ தெரிந்துகொண்ட பிறகு என்ன முடிவு எடுத்தாலும் சரி.

ஸ்டைனார்


17 பிப்ரவரி, புதன்
லெய்ர்விக்

ஸ்டைனார்,

இரண்டு நாள் உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். திட்டுவதற்குச் சொல் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. ஆனால் நீ எழுதியதில் ஒரு இடம்கூட உன்னை அழகாகக் காட்டவில்லை. டிசம்பரிலிருந்து நீ எழுதிய கடிதங்களில் இதை மட்டும்தான் என்னால் நம்ப முடிகிறது.

செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டேன். ஷெத்தில் என்னை ஹார்டாங்கருக்குக் கூட்டிப்போனான், நம் வண்டியை நான் ஓட்டிவந்தேன். இரண்டு சாவியும் என்னிடம் இருக்கும். மாத்திரையை என் முன்னால் விழுங்குவாய், சின்னப் பிள்ளைபோல நடத்துகிறாய் என்று முகம் சுளிக்கக்கூடாது. அடுத்த டாக்டர் சந்திப்புக்கு நானும் வருவேன், கேள்வி நான் கேட்பேன். ஆட்டத்தைப் பற்றி: விளக்கு மின்னினால் உனக்கு வருமா என்று டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். உன் வகைக்கு அது காரணமில்லையாம், தூக்கம் கெட்டதும் மாத்திரையை விட்டதும்தான் என்றார். அதனால் ஆட்டத்தின் மேல் பழி போட என்னால் முடியவில்லை. போட முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை உன்னை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். விரைவுப் படகில் வா. நான்கு இருபதுக்கு இங்கே வரும். வருவதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

சுன்னிவா நான்கு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. உனக்கு உடம்பு சரியில்லாததால் என்று நினைத்தேன். நேற்று என் லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். என்னைப் பார்க்க விடவில்லை. முடித்துவிட்டு, "அப்பாவுக்கு அனுப்பு" என்றாள். அப்படியே கீழே வைக்கிறேன், ஒரு எழுத்தையும் நான் திருத்தவில்லை.

அப்பா நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன். நான் சொன்னதாலதான் நீ கீழ விழுந்தியா. என் மேல கோவமா.

தோருன்


18 பிப்ரவரி, வியாழன்
பெர்கன்

தோருன்,

இதை அவளிடம் படித்துக் காட்டு. நீயே படி, அவளை எழுத்துக்கூட்டிப் படிக்க விடாதே, நேரமாகும்.

சுன்னிவா, நீ சொன்னதால் நான் விழவில்லை. எனக்குத் தலைக்குள் ஒரு நோய் இருக்கிறது, அதனால் விழுந்தேன். நீ அம்மாவிடம் சொன்னதால்தான் அம்மாவுக்கு அந்த நோய் என்னவென்று தெரிந்தது. தெரிந்ததால்தான் நான் விழுந்ததும் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு வண்டிக்குக் குறுக்கே மான் எதுவும் வரவில்லை. நீ சரியாகத்தான் பார்த்தாய், நான்தான் பொய் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாதே என்று உன்னிடம் சொன்னதும் தப்பு, பெரியவர்கள் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்கக்கூடாது. இனிமேல் நான் கேட்டாலும் நீ ஒத்துக்கொள்ளாதே.

கோபம் இல்லை. துளிகூட இல்லை. சனிக்கிழமை நான்கு இருபதுக்குப் படகிலிருந்து இறங்குவேன். நீ துறைக்கு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. வந்தால், நான் நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வாயா என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பு.

அப்பா